தெருவில் நிற்கும் காரின் பேட்டரியை வீட்டிலேயே சார்ஜ் ஏற்றுவது எப்படி?

சாவியைத் திருப்பினால் 'டக் டக் டக்' என்று சத்தம் மட்டும் வருகிறது, டேஷ்போர்டு விளக்குகள் மங்கிப்போகின்றன என்றால் பெரும்பாலும் பேட்டரி இறங்கியிருக்கிறது. ஒரே ஒரு 'டக்' கேட்கிறது, ஹெட்லைட் பளிச்சென்று எரிந்துகொண்டே இருக்கிறது என்றால் கோளாறு செல்ஃப் மோட்டாரில் இருக்கலாம். இன்ஜின் நன்றாகச் சுற்றியும் பிடிக்கவில்லையா? அப்போது சந்தேகப்பட வேண்டியது பெட்ரோலையும் இக்னிஷனையும். பேட்டரியைக் கழற்றி ஒரு பயனும் இல்லை.

சார்ஜர் தேடி ஓடுவதற்கு முன்னால் பானெட்டைத் திறந்து டெர்மினல்களைப் பாருங்கள். காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் என்று வடசென்னையில் கடலை ஒட்டிய தெருக்களில் உப்புக்காற்று எந்த உலோகத்தையும் சும்மா விடாது. கிளாம்ப்பைச் சுற்றி வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், பேட்டரியில் சார்ஜ் இருந்தும் அது செல்ஃபுக்குப் போய்ச் சேராது. கிளாம்ப்பைக் கையால் அசைத்துப் பாருங்கள். அசைந்தால் இறுக்குவதே போதுமானதாக இருக்கலாம். பூத்திருந்தால் கிளாம்ப்புகளைக் கழற்றி (எதை முதலில் என்பது கீழே வருகிறது), வெந்நீரில் சமையல் சோடா கரைத்து பழைய டூத் பிரஷால் தேய்த்துத் துணியால் துடையுங்கள். அந்தத் தண்ணீர் பேட்டரி மூடிகளின் வழியே உள்ளே இறங்கிவிடக் கூடாது. காய்ந்து, மாட்டி முடித்ததும் மேலே கொஞ்சம் வாஸ்லின் தடவினால் மறுபடி பூக்க நாளாகும்.

அடுத்து மல்டிமீட்டர். எலக்ட்ரிக்கல் கடைகளில் கிடைக்கும் சாதாரண மீட்டரே போதும். குமிழை 20 வோல்ட் டிசியில் வைத்து, சிவப்பு முனையைப் பிளஸ்ஸிலும் கறுப்பு முனையை மைனஸ்ஸிலும் தொடுங்கள். வண்டி ஓடி நின்ற சூட்டில் அளக்காதீர்கள், அப்போது அளவு கூடுதலாகக் காட்டும். நான்கைந்து மணி நேரமாவது ஓய்ந்திருக்க வேண்டும். 12.6 அல்லது 12.7 காட்டினால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால், 12.2 பாதி, 12.0 கால். 11.8-க்குக் கீழே போனால் காலி என்றே வைத்துக்கொள்ளலாம். உள்ளே ஆறு செல்கள் வரிசையாக இருக்கின்றன, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2.1 வோல்ட். அதனால் எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் மீட்டர் 10.5 பக்கமே திரும்பத் திரும்ப வந்து நின்றால் ஒரு செல் செத்துவிட்டது என்று அர்த்தம்.

எதை சார்ஜ் ஏற்றவே கூடாது

பெட்டி உப்பியிருந்தால், விரிசல் இருந்தால், ஆசிட் கசிந்திருந்தால், அதைச் சார்ஜரில் போடும் எண்ணத்தையே விடுங்கள். மூடிய மெயின்டனன்ஸ் ஃப்ரீ பேட்டரிகள் பலவற்றின் மேல் ஒரு சின்னக் கண்ணாடிக் கண் இருக்கும். பொதுவாகப் பச்சை என்றால் நல்ல நிலை, கறுப்பு என்றால் சார்ஜ் தேவை, வெளுத்துத் தெரிந்தால் உள்ளே நீர் குறைந்துவிட்டது. நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், பக்கத்திலேயே ஸ்டிக்கரில் போட்டிருப்பார்கள். நீர் குறைந்ததாகக் காட்டும் மூடிய பேட்டரியை சார்ஜ் ஏற்றக் கூடாது, மாற்றத்தான் வேண்டும். அந்தக் கண் ஆறு செல்களில் ஒன்றை மட்டுமே பார்க்கிறது என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பச்சை காட்டுகிறது என்பதற்காக மற்ற ஐந்துக்கும் நற்சான்றிதழ் கொடுத்துவிட முடியாது.

வாசனை விஷயம் நம் ஊர்க்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது. சார்ஜ் ஏறும்போது அழுகிய முட்டை நாற்றம் வந்தால் அது ஹைட்ரஜன் சல்ஃபைடு, விஷ வாயு. மணலி, எண்ணூர் பக்கம் இருப்பவர்களுக்குக் காற்றில் ஏதாவது ஒரு நெடி வருவது பழகிப்போய்விட்டது. 'கம்பெனி வாசனை' என்று ஜன்னலைச் சாத்திவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். பேட்டரி சார்ஜில் இருக்கும்போது அப்படி விடாதீர்கள். மெயின் சுவிட்சை அணைத்து, ஆட்களை வெளியே அனுப்பி, கதவு ஜன்னல்களைத் திறந்துவிட வேண்டும். அந்தப் பேட்டரியின் ஆயுசு முடிந்தது.

வெள்ளத்தில் நின்ற கார் இன்னொரு வகை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வடசென்னைத் தெருக்களில் எத்தனை கார்கள் மூழ்கி நின்றன என்று பார்த்தோம். தண்ணீர் வடிந்தவுடன் பேட்டரிக்கு சார்ஜ் போட்டு ஸ்டார்ட் செய்து பார்க்கும் ஆசை வரும். முதலில் மைனஸ் கிளாம்ப்பைக் கழற்றிவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். இன்ஜினுக்குள்ளும் ஒயரிங்குக்குள்ளும் தண்ணீர் இருக்கும்போது பேட்டரிக்கு உயிர் கொடுத்தால் நஷ்டம்தான் பெருகும்.

ஹைப்ரிட், எலக்ட்ரிக் கார் வைத்திருப்பவர்கள் இந்தக் கட்டுரையைப் பார்த்துக் கை வைக்க வேண்டாம். அவற்றிலும் 12 வோல்ட் பேட்டரி உண்டு. ஆனால் வண்டியோடு வந்த கையேடு சொல்கிற வழியில்தான் போக வேண்டும்.

என்ன சார்ஜர்

புதியவர் என்றால் தானாகக் குறைத்துக்கொண்டு தானாக நிற்கும் ஸ்மார்ட் சார்ஜர் மட்டும்தான் என் பரிந்துரை. பேட்டரிக் கடைகளில் இருக்கிற பெரிய இரும்புப் பெட்டி சார்ஜர் நிறுத்தும் வரை தள்ளிக்கொண்டே இருக்கும். அதைப் பார்த்துக்கொள்ள அங்கே ஆள் இருக்கிறார், வீட்டில் இருக்க மாட்டார்.

எத்தனை ஆம்பியர் என்பதற்கு ஒரு பழைய கணக்கு: பேட்டரியின் ஏஎச் (ஆம்பியர்-ஹவர், அதாவது கொள்ளளவு) எண்ணில் பத்தில் ஒரு பங்கு. சின்ன பெட்ரோல் காரின் 35 ஏஎச் பேட்டரிக்கு மூன்றரை, நான்கு ஆம்பியர். 60 ஏஎச் டீசல் கார் பேட்டரிக்கு ஆறு. குறைவாக இருந்தால் நேரம் கூடும், அவ்வளவுதான். கூடினால் சூடாகும், வாயு கிளம்பும். சிக்னலில் தானாக இன்ஜினை நிறுத்திக் கிளப்பும் கார்களில் ஏஜிஎம் அல்லது ஈஎஃப்பி வகைப் பேட்டரி இருக்கலாம். பேட்டரியின் மேல் எழுதியிருக்கும். அப்படியானால் சார்ஜரிலும் அதற்கான மோடு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

'வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதே, அதன் கம்பியைக் கழற்றி கார் பேட்டரியில் மாட்டினால் என்ன?' என்று கேட்பவர்கள் நிறையப் பேர். வேண்டாம். வீட்டு இன்வெர்ட்டர் 150 ஏஎச் போன்ற பெரிய டியூபுலர் பேட்டரிக்காகச் செய்யப்பட்டது. அதன் சார்ஜிங் மின்னோட்டம் 35 ஏஎச் பேட்டரிக்கு மிக அதிகம். லேப்டாப் சார்ஜரை வெட்டி ஒட்டும் வித்தைகளையும் தவிருங்கள்.

எங்கே வைப்பது

வடசென்னையில் நிஜமான கேள்வி இதுதான். கார் ஷெட்டும் போர்ட்டிகோவும் இருக்கிற வீடு எத்தனை? கார் தெருவில், வீடு இரண்டாவது மாடியில். பால்கனியிலிருந்து ஒயரைத் தொங்கவிட்டு காரோடு சேர்த்து சார்ஜ் போடலாமா என்று தோன்றும். தண்ணி லாரியும் ஷேர் ஆட்டோவும் ஏறிப் போகிற ஒயரில் 230 வோல்ட் ஓடக் கூடாது. தெருவில் பிள்ளைகள் விளையாடுகிறார்கள், மாடு நடக்கிறது. அதனால் பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோவதே நமக்குச் சரி.

சார்ஜ் ஏறும்போது, அதிலும் கடைசிக் கட்டத்தில், பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும். காற்றில் அது நூற்றுக்கு நான்கு பங்கு சேர்ந்தாலே சிறு பொறி பட்டு வெடிக்கும். வெடித்தால் ஆசிட்டோடு சேர்ந்து பெட்டித் துண்டுகளும் முகத்துக்கு வரும். காற்றைவிட லேசானது என்பதால் மேலே போய்க் கூரைக்கடியில் தங்கும். அதனால் மேலே ஜாளியோ ஜன்னலோ திறந்திருக்கிற இடம் வேண்டும்.

மாடிப்படிக்குக் கீழே உள்ள இடுக்குதான் எல்லோர் கண்ணுக்கும் முதலில் படும். நம் பக்கத்து வீடுகள் பலவற்றில் ஈபி மீட்டரும் மெயின் சுவிட்சும் இருப்பதும் அங்கேதான். சுவிட்ச் போடும்போது உள்ளே பொறி வரும். மேலே படி மூடியிருப்பதால் வாயு போக வழியும் இல்லை. அந்த இடத்தை விட்டுவிடுங்கள். சமையலறை, பூஜை விளக்கு எரியும் இடம், கொசுவர்த்திச் சுருள் வைக்கும் மூலை, படுக்கையறை எதுவும் கூடாது. கிரில் போட்ட திறந்த பால்கனி நல்லது. மொட்டை மாடியில் நிழலும், மழை வராது என்ற உறுதியும் இருந்தால் அதைவிட நல்லது. ஐப்பசி, கார்த்திகையில் அந்த உறுதி யாருக்கும் கிடையாது. ஈரத் தரையில் மின் சாதனத்தை வைத்து வேலை செய்யவே வேண்டாம். வாரியக் குடியிருப்புகளில் இருப்பவர்கள் பொது வராந்தாவைத் தவிர்த்துவிடுங்கள். போகிற வருகிற குழந்தை எதையாவது தொடும், யாராவது பீடி பற்றவைப்பார்.

பேட்டரியை ஒரு பிளாஸ்டிக் டிரேயிலோ அகலமான டப்பிலோ வையுங்கள். சிமெண்ட் தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கிவிடும் என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. இன்றைய பிளாஸ்டிக் பெட்டிகளுக்கு அது பொருந்தாது. ஆனால் ஆசிட் ஒரு சொட்டு விழுந்தாலும் மொசைக் தரை பொரிந்துவிடும். டிரே அதற்காகத்தான்.

கழற்றுவது

மோதிரம், வாட்ச், வளையல், தொங்குகிற செயின் எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு ரப்பர் கையுறை, பழைய சட்டை. பெரும்பாலான கார்களில் 10 நம்பர் ஸ்பானர் ஒன்றே கிளாம்ப் நட்டுகளுக்குப் போதும். இக்னிஷன் ஆஃப், சாவி வெளியே. ரேடியோவுக்கு ரகசிய எண் உள்ள வண்டி என்றால் அதை முதலிலேயே தேடி வைத்துக்கொள்ளுங்கள். கடிகாரம் எப்படியும் போகும், திரும்ப வைத்துக்கொள்ளலாம்.

முதலில் மைனஸ், பிறகு பிளஸ். காரின் உடம்பு முழுக்க மைனஸோடு இணைந்திருக்கிறது. பிளஸ்ஸை முதலில் கழற்றும்போது ஸ்பானர் தவறிப்போய் பாடியைத் தொட்டால் ஷார்ட் ஆகிப் பொறி பறக்கும், ஸ்பானரே பழுக்கும். மைனஸ் கழன்ற பிறகு அந்த ஆபத்து இல்லை. கழற்றிய மைனஸ் கிளாம்ப் மறுபடி போய் ஒட்டாமல் துணி சுற்றி ஒதுக்கி வையுங்கள். அப்புறம் கீழே பிடித்திருக்கும் பிராக்கெட். சின்ன கார் பேட்டரியே பத்து கிலோ அளவில் இருக்கும், டீசல் என்றால் இன்னும் கனம். சாய்க்காமல் நிமிர்த்தியே தூக்குங்கள். மாடிப்படி குறுகலாக இருந்தால் துணைக்கு ஒருவர் முன்னால் போய்க் கதவைத் திறக்கட்டும்.

மூடி திறக்கிற வகைப் பேட்டரி என்றால் தண்ணீர் அளவைப் பாருங்கள். தகடுகள் வெளியே தெரிந்தால் மட்டும் அவை மூழ்கும் அளவுக்கு டிஸ்டில்ட் வாட்டர் விடுங்கள். கோடு வரை நிரப்புவது சார்ஜ் முடிந்த பிறகுதான், ஏனென்றால் சார்ஜ் ஏறும்போது மட்டம் உயர்ந்து ஆசிட் வழியும். மெட்ரோ வாட்டர், கேன் தண்ணீர், போர் தண்ணீர் எதுவும் கூடாது. நம் பக்கத்துப் போர் தண்ணீரின் உப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆசிட்டை நீங்களாக ஊற்றவே வேண்டாம்.

மாட்டும் வரிசை

1. சார்ஜரின் பிளக் சுவரில் இருக்கக் கூடாது. ஒயர் எட்டும் வரை சார்ஜரைப் பேட்டரியிலிருந்து தள்ளி வையுங்கள். பேட்டரிக்கு மேலே வைக்காதீர்கள்.
2. சிவப்புக் கிளிப்பைப் பிளஸ்ஸில் மாட்டுங்கள்.
3. கறுப்புக் கிளிப்பை மைனஸ்ஸில் மாட்டுங்கள். காரிலேயே வைத்து சார்ஜ் போட வசதியுள்ளவர்கள் இதை மட்டும் பேட்டரியிலிருந்து தள்ளியுள்ள, பெயின்ட் இல்லாத இன்ஜின் இரும்பில் மாட்ட வேண்டும்.
4. கிளிப்புகள் ஆடவில்லை, ஒன்றையொன்று தொடவில்லை என்று பார்த்து மோடைத் தேர்ந்தெடுங்கள்.
5. கடைசியாக, எர்த் உள்ள மூன்று முனை பாயிண்டில் பிளக்கைச் செருகி சுவிட்சைப் போடுங்கள்.

முடிக்கும்போது அப்படியே தலைகீழ்: சுவிட்ச் ஆஃப், பிளக் வெளியே, கறுப்பு, சிவப்பு. மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது கிளிப்பைப் பிடுங்கினால் அங்கே பொறி வரும், அதுவும் ஹைட்ரஜனுக்குப் பக்கத்திலேயே. அவசரமாகக் கிளிப்பைப் பிடுங்குகிற இந்த நொடியில்தான் கவனம் வேண்டும்.

ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கிவிடலாம் என்று சார்ஜர் அட்டையில் போட்டிருக்கும். நான் அதை ஒப்புக்கொள்வதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை கறிக்கடை வரிசையில் நிற்கப் போவதற்கு முன்னால் ஆள் வீட்டில் இருக்கும்படி பார்த்துப் போட்டுவிட்டால், சாயந்திரத்துக்குள் முடிந்துவிடும். காலியான 35 ஏஎச் பேட்டரிக்கு நான்கு ஆம்பியரில் கணக்குப்படி ஒன்பது மணி நேரம். கடைசியில் மின்னோட்டம் குறைந்து மெதுவாக ஏறுவதால் பத்து, பன்னிரண்டு வரை போகலாம். கரண்ட் பில்லைப் பற்றிப் பயம் வேண்டாம், ஒரு யூனிட்டைத் தாண்டாது.

அவ்வப்போது பெட்டியின் பக்கவாட்டைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி. கை வைக்க முடியாத சூடு என்றால் நிறுத்துங்கள். மே மாத வெயிலில் மாடியில் வைத்திருந்தால் இதை அடிக்கடி பார்க்க வேண்டும். வோல்ட் மிகவும் கீழே போன பேட்டரியைச் சில ஸ்மார்ட் சார்ஜர்கள் அடையாளமே கண்டுகொள்ளாது, எர்ரர் காட்டி நின்றுவிடும். அதை ஏமாற்ற இன்னொரு பேட்டரியைச் சேர்த்துக் கட்டும் வேலையெல்லாம் புதியவர்களுக்கு இல்லை. கடைக்குக் கொண்டுபோங்கள்.

ஆசிட் தோலில் பட்டால் உடனே ஓடும் தண்ணீரில் பதினைந்து, இருபது நிமிடம் கழுவுங்கள், பட்ட உடையைக் கழற்றுங்கள். கண்ணில் பட்டால் இமையை விரித்துப் பிடித்து அதே அளவு நேரம் கழுவிவிட்டு நேராக மருத்துவமனை. சோடா, பால், எலுமிச்சை எதையும் கண்ணில் விடக் கூடாது. நமக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை பக்கம், கண்ணுக்கென்றே எழும்பூரில் அரசு கண் மருத்துவமனை இருக்கிறது. போக வழியில்லை என்றால் 108.

சார்ஜ் முடிந்து நான்கைந்து மணி நேரம் கழித்து அளந்தால் 12.6 நிற்க வேண்டும். மறுநாள் 12.2-க்கு இறங்கியிருந்தால் பேட்டரி சார்ஜைப் பிடித்து வைக்கவில்லை. காரில் மாட்டும்போது பிளஸ் முதலில், மைனஸ் கடைசியில்.

லாரிக்காரரிடம் கேபிள் கேட்காதீர்கள்

அவசரத்துக்கு ஜம்பர் கேபிள் போட்டுக் கிளப்புவது தனிக் கலை. ஆனால் வடசென்னையில் ஒரு எச்சரிக்கையைச் சொல்லாமல் விட முடியாது. எண்ணூர் விரைவுச் சாலை, மணலி, மாதவரம் என்று எங்கே பார்த்தாலும் கண்டெய்னர் லாரி வரிசை. நடுவழியில் கார் நின்றால் முதலில் உதவிக்கு வருபவர் ஒரு லாரி டிரைவராகத்தான் இருப்பார். நல்ல மனதோடு "இன்னா தம்பி, பேட்டரி டவுனா? என் வண்டியில இருந்து எடுத்துக்கோ" என்பார். கனரக லாரிகளில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ட் ஓடுகிறது. அதைக் காரில் கொடுத்தால் கம்ப்யூட்டரிலிருந்து மியூசிக் சிஸ்டம் வரை கருகிவிடலாம், பேட்டரியே வெடிக்கலாம். "இல்லண்ணே, உங்களுது 24" என்று சொல்லி நன்றியோடு மறுத்துவிட்டு இன்னொரு காரைத் தேடுங்கள்.

இன்னொரு காரிலிருந்து என்றால்: சிவப்பு முதலில் இறங்கிய பேட்டரியின் பிளஸ், பிறகு நல்ல பேட்டரியின் பிளஸ். கறுப்பு நல்ல பேட்டரியின் மைனஸ், மறுமுனை இறங்கிய காரின் இன்ஜின் இரும்பில், பேட்டரியிலிருந்து தள்ளி. வண்டி கிளம்பியதும் அதே வரிசையைத் தலைகீழாகக் கழற்றுங்கள். கிளம்பிவிட்டது என்பதற்காக பேட்டரி நிறைந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். பெரம்பூரிலிருந்து பாரிமுனை வரை ஏசி போட்டுக்கொண்டு நெரிசலில் ஊர்ந்தால் இழந்தது திரும்பாது. வீட்டுக்கு வந்து சார்ஜரில் போடத்தான் வேண்டும்.

ஏன் இறங்கியது

உள்விளக்கோ டிக்கி விளக்கோ அணையாமல் கிடந்திருந்தால் காரணம் தெரிந்துவிட்டது. மூன்று வாரம் ஓடாமல் நின்ற வண்டி, அதில் எப்போதும் விழித்திருக்கும் டேஷ்கேமும் ஜிபிஎஸ்ஸும் என்றாலும் அதேதான். அப்படி எதுவும் இல்லையென்றால் இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் மீட்டரை வையுங்கள். 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். சில புதிய கார்களில் இது கொஞ்சம் ஏறி இறங்கும். 13-க்கும் கீழேயே நின்றால், ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரையோ (பழைய பேச்சில் டைனமோ) அதன் பெல்ட்டையோ பார்க்கச் சொல்லுங்கள். இன்ஜின் ஓடும்போதே பேட்டரி ஒயரைக் கழற்றி 'டைனமோ வேலை செய்யுதா பார்' என்று சோதிக்கும் பழைய மெக்கானிக் இருந்தால் கையைப் பிடித்துத் தடுங்கள். இன்றைய கார்களின் எலக்ட்ரானிக்ஸ் அதைத் தாங்காது.

சென்னை வெயிலில் பேட்டரி மூன்று, நான்கு வருடம் தாண்டுவதே பெரிது. அந்த வயதில் ஒரே மாதத்தில் இரண்டாவது முறை இறங்கினால் சார்ஜரோடு போராடாமல் மாற்றிவிடுங்கள். புதிது வாங்கும்போது பழையதைக் கொடுத்தால் கடையில் விலையில் கழித்துக்கொள்வார்கள். 2022-இன் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பழைய பேட்டரிகளைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு தயாரிப்பாளர்களுடையது. பத்து, இருபது ரூபாய் கூடக் கிடைக்கிறதென்று காயலான் கடையில் போட்டால், அந்த ஈயம் எங்கேயோ திறந்தவெளியில் உருக்கப்பட்டு யாருடைய பிள்ளையின் மூச்சிலோ போய்ச் சேரும். எடை குறைய வேண்டும் என்று உள்ளிருக்கும் ஆசிட்டைச் சாக்கடையில் கவிழ்க்காமல், மூடிகளை இறுக்கி நிமிர்த்தியபடியே கொண்டுபோய்க் கொடுங்கள்.